யாரும் பிறக்காத வீட்டிலிருந்து

தங்கம்,

இங்கே நான், உன் தம்பி, அவன் பெண்டாட்டி, பிள்ளைகள், பசு எல்லோரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருப்பதும் சுகமாக இருக்க அம்பகரத்தூர் காளியிடம் சொல்லிவைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். உன் கடிதத்துக்கு இவ்வளவு நாள் பதில் போடாமல் இருந்ததைக் கோபம் என்று எடுத்துக்கொள்ளாதே. என் கோபத்துக்கு ஆட்கள் வேறே இருக்கிறார்கள். நீ கேட்டிருந்தது ஒரே ஒரு கேள்வி. ஆவணியில் பிள்ளை பிறக்கப்போகிறது, பிரசவத்துக்கு நம் வீட்டுக்கு வரட்டுமா, திருச்சியிலேயே இருந்துவிடட்டுமா, நீயே சொல் அம்மா என்று கேட்டிருந்தாய். மாப்பிள்ளை திருச்சியே நல்லது என்கிறாராம். பிறப்பது காரைக்கால், வளர்வது திருச்சி என்று ஆகிவிட்டால், நீ அன்றைக்குக் காலேஜுக்கு மனுப் போட்டுவிட்டு அலைந்த மாதிரி நாளைக்கு அந்தப் பிள்ளையும் அலையவேண்டிவரும் என்கிறாராம். அவர் சொல்வதில் தப்பில்லை. படித்தவர், முன்கூட்டியே யோசிக்கிறார். ஆனால் அந்தக் கதையை அவர் உன் வாயால் கேட்டிருப்பார். உனக்குத் தெரிந்தது பாதிதான். நீ அப்போது விண்ணப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். சுற்றி நின்றவர்களின் முகத்தை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் முழுக்கதையையும் சொல்லிவிட்டு, வரட்டுமா வேண்டாமா என்பதற்குக் கடைசியில் பதில் எழுதுகிறேன். நடுவில் தாண்டிக் கடைசிக்குப் போய்விடாதே. சின்ன வயதிலிருந்தே உனக்கு அந்தப் பழக்கம் உண்டு.

இப்போது மத்தியானம். ஓட்டு இடுக்கு வழியாக இறங்கிய வெயில் கூடத்துத் தரையில் வட்டம் வட்டமாக நகர்ந்துகொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் எனக்குத் தூக்கமும் வராது, விழிப்பும் இராது. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ வாளியை இறக்குகிற சத்தம், அது தண்ணீரைத் தொடுகிற சத்தம், அப்புறம் வெகுநேரம் ஒன்றுமில்லாத சத்தம். கண்ணை மூடினால் கூடத்து மூலையில் ஒரு பிள்ளை அழுகிறது. பசிக்கு அழுகிற அழுகை இல்லை, அப்போதுதான் பூமிக்கு வந்த பிள்ளையின் முதல் அழுகை. எழுந்து பார்த்தால் மூலையில் முறம்தான் சாய்ந்திருக்கும். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்த அழுகை எனக்குக் கேட்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த வீட்டில் அப்படி ஒரு அழுகை நிஜமாக எழுந்ததே இல்லை. இந்த வீட்டில் யாருமே பிறந்ததில்லை.

நம் வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற வாய்க்காலை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதைத் தாண்டினால் தஞ்சாவூர் ஜில்லா. என் மாமியார் காலத்தில் அந்தப் பக்கம் இங்கிலீஷ்காரன், இந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன். இரண்டு பேரும் போனபிறகும் வாய்க்கால் மட்டும் போகவில்லை. அதன்மேல் ஒரு தென்னைமரத்தைப் போட்டு எல்லோரும் நடந்துகொண்டிருந்தோம். நாற்றுக்கட்டு தாண்டும், கல்யாணம் தாண்டும், கருமாதி தாண்டும். சாராயம் மட்டும்தான் பயந்து பயந்து தாண்டும். இந்த வீட்டுக்குப் பெண் எடுத்தது எல்லாம் அந்தப் பக்கத்து ஊர்களில். தலைப்பிள்ளைக்கு மட்டும் இல்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவது இந்தக் குடும்பத்துப் பழக்கம். அங்கே பெற்று, மூன்றாம் மாதம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மரத்தைத் தாண்டி இங்கே வருவோம். அப்படித்தான் உன் தாத்தா வந்தார், உன் அப்பா வந்தார், உன் பெரியப்பா வந்தார், நீ வந்தாய், உன் தம்பி வந்தான். அவன் பிள்ளைகளும் அப்படியே. இந்த வீட்டில் பிறக்கவேண்டுமானால் இந்த வீட்டுப் பெண் ஒருத்தி கட்டிக்கொடுத்த இடத்திலிருந்து வயிறும் பிள்ளையுமாகத் திரும்பி வர வேண்டும். அதற்கு இந்த வீட்டில் பெண் என்று ஒருத்தி இருக்க வேண்டாமா? எனக்குத் தெரிந்து, என் மாமியாருக்குத் தெரிந்து, நீதான் முதல் பெண். எல்லாம் ஆண்பிள்ளைகள். உன் பெரியம்மாவுக்கும் வரிசையாக ஆண்பிள்ளைகள்.

பெரியம்மா என்று எழுதும்போதே எழுத்து அழுத்தமாக விழுகிறது, பார்த்தாயா. நம்முடையது தெருவின் கடைசி வீடு. ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் அவள். உன் அப்பாவும் பெரியப்பாவும் பாகம் பிரித்தபோது நடுச்சுவர் எழுப்பினார்கள். கிணற்றைப் பிரிக்க முடியாததால் சுவரைக் கிணற்றின் மேலேயே கொண்டுபோய்விட்டார்கள். மேலே இரண்டு வீடு, கீழே ஒரே தண்ணீர். உனக்கு எட்டு வயதாக இருக்கும்போது, ஆவணி மாதம், சம்பா உழவு நடந்துகொண்டிருந்த நேரம், உன் அப்பாவுக்குக் காய்ச்சல் ஏறி ஜன்னி கண்டுவிட்டது. காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ரோடு வரைக்கும் போக வண்டி வேண்டும். வண்டி அவர்கள் வீட்டில் இருந்தது. காலையில் நான் ஓடிப்போய் வாசலில் நின்று, "அக்கா, வண்டிய அனுப்புங்க, அவருக்கு நெனவு தப்புது" என்றேன். அவள் கதவை முழுக்கத் திறக்காமல், "மாடு உழவுக்குப் போயிருக்குடி" என்றாள். நான் திரும்பி நடக்கும்போது அவர்கள் தொழுவத்தில் மாட்டு மணி அசைந்தது. விளிம்பு உடைந்த மணி அது, கரகரவென்று ஒரு மாதிரி ஒலிக்கும். ஊரில் வேறு எந்த மாட்டுக்கும் அந்தக் குரல் கிடையாது. உன் அப்பாவைக் கயிற்றுக் கட்டிலோடு நான்கு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். ரோட்டுக்குப் போய்ச் சேரவில்லை.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தொத்து நோய் என்று பயந்தாளோ, உழவு கெட்டுவிடும் என்று நினைத்தாளோ. அன்றோடு பேச்சு நின்றது. காலம் போகப் போக மறந்துவிடும் என்று ஊரில் எல்லோரும் எனக்குச் சொன்னார்கள். அப்படிச் சொல்கிறவர்களை நீ நம்பாதே. அவர்கள் எதையும் இழந்திருக்க மாட்டார்கள். எனக்கு அன்று அவள் கட்டியிருந்த புடவையின் கரை தெரியும், கதவில் எந்த விரல் பட்டிருந்தது என்பது தெரியும். ஆனால் ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்கிற இரண்டு பேர் எத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருப்பது? அவள் கிணற்றுக்குள் குனிந்து, "சில பேரு விடியறதுக்கு முன்னாடியே வாளிய உருட்டி ஊரத் தூங்கவுடாம பண்ணுறாளுவோ" என்பாள். நான் என் பக்கம் குனிந்து, "கெணறே, நீயே சொல்லு, தூங்குறவளுக்கு எதுக்குத் தண்ணி?" என்பேன். குரல் தண்ணீரில் பட்டு மேலே வரும்போது யாருடையது என்று தெரியாமல், எங்கிருந்தோ வருகிற மாதிரி இருக்கும். ஒருவரோடு ஒருவர் நாங்கள் பேசவே இல்லை. கிணற்றோடுதான் பேசினோம். இன்றைக்கும் அப்படித்தான்.

நீ படித்த பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். பெரிய பள்ளிக்கூடம் நமக்குக் கிட்டத்தில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது. காலையில் மரத்தைத் தாண்டிப் போவாய், பொழுது சாயத் தாண்டி வருவாய். வந்ததும் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து சத்தம் போட்டுப் படிப்பாய். எனக்குப் புரிந்து கேட்டேன் என்று நினைக்காதே. எனக்கு அது பாட்டு மாதிரி. அமிலம், காரம், உப்பு என்று நீ சொல்லச் சொல்ல, நான் அரிசி களைந்தபடி எங்கேயோ போய்விடுவேன். நீ வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு நீளமான ஒரு கண்ணாடிக் கட்டிடத்துக்குள் நடந்துபோகிற மாதிரியும், உன் பின்னால் வாய்க்கால் தண்ணீர் சத்தமில்லாமல் வருகிற மாதிரியும் எனக்குத் தோன்றும். எஸ்.எஸ்.எல்.சி.யில் நீ நல்ல மார்க்கு வாங்கியதும் உங்கள் டீச்சர், புதுச்சேரியில் பெண்கள் காலேஜ் இருக்கிறது, அங்கே பி.யூ.சி. சேர்ந்து அப்படியே பட்டமும் படிக்கலாம், நம் பிரதேசத்துப் பிள்ளை என்று சான்றிதழ் இருந்தால் சீட்டும் கிடைக்கும், உதவித்தொகையும் கிடைக்கும் என்று சொன்னார். அந்தச் சான்றிதழ் இல்லாவிட்டால் இரண்டும் கிடையாது. இரண்டும் இல்லாவிட்டால் என் தம்பிக்கு உன்னைக் கட்டிவைப்பது என்று அந்தப் பக்கத்தில் பேசி முடித்தே வைத்திருந்தார்கள். என் தம்பி நல்லவன்தான். ஆனால் உன் கண்ணாடிக் கட்டிடத்தில் அவன் எங்கேயும் இல்லை.

காரைக்காலில் அந்த ஆபீஸுக்குப் போன நாளை நினைத்தால் இன்றைக்கும் உனக்கு முகம் சிவக்கும். மேஜைக்கு அந்தப் பக்கம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிற கிழவர். பிறப்பு இறப்பு எழுதுகிற புத்தகத்துக்கு அவர் வாயில் இன்னும் பிரெஞ்சுப் பேர்தான்.

"எத்தா சிவில்ல ஒங்க பொண்ணு பேரு இல்லியேம்மா. எங்க பொறந்துச்சு?"

"எங்க அம்மா வூட்டுலங்க. வாய்க்காலுக்கு அந்தாண்ட."

"அப்ப தஞ்சாவூர் ஜில்லா. சரி, அப்பா எங்க பொறந்தாரு?"

"அவுங்க அம்மா வூட்டுலங்க. அதுவும் அந்தாண்டதான்."

"நீங்க?"

"நானும் அந்தாண்டங்க."

"தாத்தாவாவது?"

இல்லை என்று தலையை ஆட்டினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, ஒங்க வூட்டுல ஒருத்தரு கூடவா இங்க பொறக்கல?"

"செத்திருக்காங்கய்யா. மாமனாரு, மாமியாரு, இவ அப்பா, எல்லாரும் இந்த மண்ணுலதான். அதுக்கு எதாவது சீட்டு தருவீங்களா?"

பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீ என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "வாம்மா, போயிடலாம்" என்றாய். பள்ளிக்கூடத்துச் சான்றிதழைக் காட்டினால் அதுவும் அந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடம். காகிதத்தைப் பார்த்தால் நீ ஒரு நாள்கூட இந்த ஊரில் இல்லை. சரி, அந்தப் பக்கத்திலேயே கேட்டுப் பார்ப்போம் என்று அங்கே ஒரு ஆபீஸுக்குப் போனோம். அங்கே இருந்தவர் நல்ல மாதிரியாகவே பேசினார். "பொண்ணு ராத்திரி எங்கம்மா தூங்குது? அங்கதான? அப்ப நீங்க பாண்டிச்சேரி ஆளுங்க. எங்ககிட்ட வந்தா நாங்க என்ன பண்ணுறது?" என்று சொல்லி மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பினார். திரும்பும்போது நீ தென்னைமரப் பாலத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டாய். கீழே தண்ணீர் இரண்டு பக்கத்துக் கரையையும் ஒரே மாதிரி தொட்டுக்கொண்டு போனது. "இங்கேயே இருந்துடுறேம்மா. இது யாரு எடமும் இல்ல" என்றாய். நான் உன்னைத் திட்டி எழுப்பினேன். ஆனால் அந்த மரத்தில் நீ உட்கார்ந்திருந்ததைத்தான் பல நாள் கனவில் பார்த்தேன். கனவில் மரம் மெல்ல நகர்ந்து கடலுக்குப் போகும்.

காரைக்கால் கிழவர் கெட்டவர் இல்லை. இரண்டாம் தடவை போனபோது மேலதிகாரியிடம் கேட்டு ஒரு வழி சொன்னார். தொடர்ந்து இங்கேயே குடியிருந்தால் அதை வைத்தும் சான்றிதழ் கொடுக்கலாம், ஊருக்கு ஆள் வந்து விசாரிப்பார், பக்கத்து வீட்டுக்காரர்கள் சொல்ல வேண்டும் என்றார். நமக்குப் பக்கத்து வீடு ஒன்றே ஒன்று. அன்று சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து, "போச்சு, எல்லாம் போச்சு. வண்டி தராதவ வாக்கா தரப்போறா? காலுல விழுந்து கேக்கச் சொல்லுறியா? மாட்டேன்" என்று உன்னிடம் கத்தினேன். நீ அழுதாய். சுவருக்கு அந்தப் பக்கம் வாளிச் சத்தம் நின்றுபோயிருந்தது. அப்போது அதை நான் கவனிக்கவில்லை, பிற்பாடு நினைத்துப் பார்க்கும்போதுதான் தெரிந்தது.

விசாரிக்க வந்தவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். நீ உள்ளே புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தாய். நான் கதவிடுக்கில் நின்றேன். உன் பெரியம்மா கையில் ஒட்டிய மாவை உதிர்த்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"ஏம்மா, இந்தக் கடைசி வூட்டுக்காரங்களத் தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியாது. அவளுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை கெடையாது."

"அப்ப அவுங்க இங்கதான் குடியிருக்காங்களான்னு ஒங்களால சொல்ல முடியாது."

"அவ எங்கய்யா போவா?" என்று ஒரு சத்தம் போட்டாள் பார், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மேய்ந்த கொக்கு எழுந்து பறந்தது. "ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அவ ஊருல இல்லாம இருந்தா நான் நிம்மதியா சோறு தின்னுருப்பேன். அவ வாளிய உருட்டுற சத்தத்துலதான் எனக்குப் பொழுதே விடியுது. என்னைத் திட்டிட்டுத்தான் வாசத் தெளிப்பா. திட்டு ஒரு நாளு நின்னுதா? நிக்கலியே. அப்ப ஆளு இங்கதான இருக்கா?"

வந்தவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பொண்ணு? அது அந்தப் பக்கத்துல தங்கிப் படிச்சதா சொல்றாங்களே."

"எந்தக் கட்டையில போறவன் சொன்னான்? பொழுது சாஞ்சா கெணத்தடியில உக்காந்து கத்திக் கத்திப் படிக்கும். உப்பு தண்ணியில கரையும், மணலு கரையாது. எண்ண தண்ணியில மெதக்கும். இதெல்லாம் எம் மவனுவோ படிச்சா எனக்குத் தெரிஞ்சுது? தங்கி ஒறங்குற எடத்துலதான்ய்யா புள்ள சத்தம் போட்டுப் படிக்கும். இன்னும் கேக்குறீங்களா, சொல்லட்டுமா?"

"போதும்மா" என்று அவர் குடையை விரித்துக்கொண்டு, சைக்கிள் சீட்டின்மேல் காகிதத்தை வைத்து எழுதினார். போகும்போது என்னைப் பார்த்து, "இவ்வளவு நல்ல சண்டைய நான் எந்த ஊருலயும் பாத்ததில்லம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தலை மறைந்ததும் கிணற்றுக்குள் குரல் கேட்டது. "எழுதிட்டுப் போயிட்டான், கெணறே. ஒரு கத்தலாவது இந்த வூட்ட விட்டு ஒழியட்டும். காது வலிக்குது."

நன்றி சொன்னாயா என்று நீ அன்றைக்குக் கேட்டாய். சொல்லவில்லை. ஒரு கட்டு முருங்கைக்காயைச் சுவர்மேல் வைத்துவிட்டு வந்தேன். அவள் எடுத்தாளா, காக்கை கொத்தியதா, தெரியாது. இன்று அவள் சொன்ன சாட்சி வேறு, அன்று தொழுவத்தில் கேட்ட மணி வேறு. ஒன்றை வைத்து இன்னொன்றைக் கழித்துவிட என்னால் முடியவில்லை. உனக்கு இது பிடிவாதமாகத் தெரியும். இருக்கட்டும். உனக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான்: ஒருவர் உனக்குச் செய்த கெடுதலையும் நினைவில் வை, நல்லதையும் நினைவில் வை, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்காதே. கலக்கினால் இரண்டும் ருசி கெட்டுவிடும்.

சான்றிதழ் வந்தது, காலேஜில் சீட்டும் கிடைத்தது. உதவித்தொகை பின்னால் வரும், ஹாஸ்டலுக்கு முன்பணம் உடனே கட்ட வேண்டும் என்றார்கள். சிவலைப் பசுவை அந்தப் பக்கத்து ஆளுக்கு விற்றேன். நீ அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுததும், அது தென்னைமரத்தில் போக மாட்டேன் என்று வாய்க்காலில் இறங்கி நடந்ததும் எனக்கு நேற்று மாதிரி இருக்கிறது. மறுநாள் மாலை மங்கும் நேரத்தில் வாசலில் மூச்சுச் சத்தம். கயிற்றை அறுத்துக்கொண்டு, மடி நனைய வாய்க்காலைக் கடந்து வந்து நின்றிருந்தது. வாங்கியவர் பின்னாலேயே வந்து பிடித்துப் போனார். நாலைந்து தரம் இப்படி வந்தது. நீ புதுச்சேரிக்குப் பஸ் ஏறிப் போனபிறகும் ஒரு தரம் வந்தது. வெறும் கிணற்றடிக் கல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, யாரும் பிடிக்காமலே தானாகத் திரும்பிப் போய்விட்டது. அதற்கப்புறம் வரவில்லை.

படிப்பு முடிந்து நீ வேலைக்கு மனுப் போட்ட வருஷங்கள்தான் எனக்கு எல்லாவற்றிலும் நீளம். எம்ப்ளாய்மென்ட் ஆபீஸில் பதிந்துவைத்துவிட்டு, பேப்பரில் வருகிற விளம்பரத்தை எல்லாம் வெட்டி வெட்டி வைப்பாய். அதே கல்லில் உட்கார்ந்து எழுதுவாய். சான்றிதழ் நகலில் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து வாங்க வெயிலில் காரைக்காலுக்குப் போவாய். வயிறு காயப் போகாதே, காத்திருக்கிற இடத்தில் பசியோடு நிற்கிறவளுக்குக் குரல் எழும்பாது என்று பழைய சோற்றைக் கட்டாயப்படுத்தி ஊட்டுவேன். ஒருநாள் பேனாவை நிறுத்தி, "அம்மா, நிரந்தர முகவரின்னு கேட்டிருக்கான், என்ன போடுறது?" என்றாய். "இந்த வூடுதான், வேற எது?" என்றேன். நீ எழுதினாய். எழுதி முடித்த உறைகளின் நாலு மூலையிலும் நான் மஞ்சள் தடவுவேன். "ஐயோ அம்மா, இது என்ன கல்யாணப் பத்திரிகையா?" என்று கத்துவாய். திருச்சியில் தண்ணீர் பரிசோதிக்கிற வேலைக்கு நேர்காணல் நடத்திய பெரியவர், "மஞ்சள் வெச்சு வந்த விண்ணப்பம் நீங்கதானாம்மா?" என்று கேட்டதை நீ வந்து சொன்னபோது, நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தேன். வேலை மஞ்சளால் கிடைத்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உன் காகிதத்தை அவர் மறக்கவில்லை பார்.

வேலையில் சேர்ந்து முதல் தடவை வந்தபோது நம் கிணற்றுத் தண்ணீரையும் பாட்டிலில் எடுத்தாய். எங்கள் பக்கம் தனியாக எடு, அவள் பக்கம் தனியாக எடு என்றேன். சிரித்துக்கொண்டே இரண்டு பாட்டில் எடுத்துப் போனாய். இரண்டும் ஒன்றுதான் என்று எழுதினாய். நீ எவ்வளவு படித்திருந்தாலும் சரி, எங்கள் பக்கத்துத் தண்ணீர் ஒரு சொட்டு இனிப்பு அதிகம்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். உன் கடிதம் வந்ததிலிருந்து எனக்கு இரண்டு பயம். ஒன்று மாப்பிள்ளை சொன்ன பயம். அதற்கு மருந்து இருக்கிறது. நீங்கள் திருச்சியில் குடியிருக்கிற சீட்டுகளை ஒன்றுவிடாமல் எடுத்துவையுங்கள், பிள்ளையை அங்கேயே பள்ளிக்கூடத்தில் போடுங்கள், பள்ளிக்கூடமும் வீடும் ஒரே கரையில் இருக்கட்டும். இரண்டாவது பயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆவணி மாதம். நம் தெருவுக்கு இன்றைக்கும் கார் வராது, மாட்டுவண்டி போகிற அகலம்தான். மழை பிடித்துக்கொண்டால் ரோடு வரைக்கும் சேறு. உனக்கு வலி எடுக்கிறபோது நான் போய் நிற்கவேண்டிய வாசல் எது என்று உனக்கே தெரியும். அந்தக் கதவுக்கு முன்னால் இன்னொரு தரம் போய் நிற்க என் காலுக்குத் தெம்பு இல்லை. அதனால்தான், திருச்சியிலேயே இரு, நான் அங்கே வருகிறேன் என்று எழுத நினைத்தேன். கூடத்து மூலையில் அழுகிற பிள்ளை அழுதுகொண்டே இருக்கட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

முந்தாநாள் காலையில் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்தேன். உன் தம்பி பெண்டாட்டி பாத்திரம் தேய்த்தபடி, "அக்காவுக்கு என்னங்கத்த எழுதப் போறீங்க?" என்று கேட்டாள். "என்னாத்த எழுதுறது? ஆவணில வரேங்குது. வரச்சொல்லி வாயெடுக்க பயமா இருக்கு" என்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் வாளி நின்றது. இந்தத் தடவை கவனித்தேன். தண்ணீரில் ஒரு வேப்பம்பழம் விழுந்தது, வளையம் சுவருக்குக் கீழே புகுந்து அவள் பக்கம் போனது. அப்புறம் குரல் வந்தது. வயதாகிவிட்டது அந்தக் குரலுக்கு.

"ஏ கெணறே, கேட்டுக்க. ஆவணி மாசம் பூரா எங்க மாடு ரெண்டும் தொழுவத்துலதான் நிக்கும். உழவுக்குப் போவாது. உழவ எம் மவன் டிராக்டரு வெச்சுப் பாத்துக்குவான். வண்டிக்குப் புது அச்சு போட்டாச்சு. எந்நேரமா இருந்தாலும் சரி, கதவத் தட்டக்கூட வேணாம். கொரலு குடுத்தா போதும்."

உழவு என்ற சொல்லில் அவள் குரல் ஒரு இடத்தில் தடுக்கி நின்றது. இத்தனை வருஷமாக அந்தச் சொல்லை நான் ஒருத்திதான் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கமும் ஒருத்தி சுமந்துகொண்டிருந்திருக்கிறாள். என் கையில் கயிறு பாதியில் நின்றது. வாளி அந்தரத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. குனிந்து கிணற்றைப் பார்த்து, "கேட்டுச்சு" என்றேன். அவ்வளவுதான். மன்னித்துவிட்டாயா என்று எழுதிக் கேட்காதே.

நீ வா. ஏழாம் மாத வளைகாப்பை அங்கே முடித்துக்கொண்டு, ஆடி பிறக்கும் முன்னால் மாப்பிள்ளை கொண்டுவந்து விடட்டும். பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் பிறக்கும், அதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் வலி இந்தக் கூடத்தில் எடுக்கட்டும். உன் வலியின் முதல் சத்தம் இந்த ஓட்டில் பட்டு எதிரொலிக்கட்டும். மாப்பிள்ளையிடம் சொல், பின்னால் எந்த ஆபீஸிலிருந்து யார் வந்து விசாரித்தாலும், இந்தப் பிள்ளையைத் தெரியும் என்று சொல்வதற்குச் சுவருக்கு இரண்டு பக்கமும் ஆள் இருக்கிறது.

ஒன்றே ஒன்று. அவர்கள் வீட்டில் அந்தப் பழைய மாடு செத்துப்போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இப்போது நிற்கிறது வேறு மாடு. ஆனால் மணி அதே மணிதான், அதே உடைந்த குரல். அதை மாற்றச் சொல்ல வேண்டாம். ஆவணியில் ஒருநாள் அது தொழுவத்தை விட்டுக் கிளம்பி, நடந்து, நம் வாசலில் வந்து நிற்பதை நான் கேட்க வேண்டும்.

அம்மா